புகழ்ச்சி மாதிரி ஒன்று

ஜூலை 3, வியாழன்

வேலை இல்லாததால் அல்ல. அதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். இலக்கியத்தில் முதுகலை முடித்த ஒருத்தி ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அணியிலக்கணம் சொல்லித் தருவது சமூகத் தொண்டு. அக்கா அதை வேறு மாதிரி சொன்னாள். "மாடியில சும்மாதானே உக்காந்திருக்கே. இவளுக்கு இந்த உவமை கிவமை எல்லாம் கொஞ்சம் சொல்லிக் குடுடி."

சும்மா. நான் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது சும்மா இருப்பது போலத்தான் தெரியும். சில நாட்கள் உள்ளிருந்து பார்த்தாலும்.

மாணவி, அக்காவின் ஒரே மகள். காதருகே ஓயாமல் ரீங்காரமிடுவதால் அவள் அப்பா வைத்த பெயர் கொசு. தேர்வில் அணி பற்றிய பகுதியில் இருபதுக்கு நான்கு. அதிலும் இரண்டு, கையெழுத்துக்காகப் போட்டது என்று சந்தேகம்.

அக்காவுக்குக் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. நாள் முழுக்க "கொஞ்சம் உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் ஒருவரையும் உட்கார விடுவதில்லை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனால் அதற்குப் பெயர் கோளாறு. குடும்பத் தகராறில் அவர் நிற்கும் இடமே அதுதான்.

"புரொஃபசர் பாத்துப்பாங்க," என்றார். புரொஃபசர் நான்தான்.

ஜூலை 5, சனி

முதல் வகுப்பு. பாடப்புத்தகம் வழக்கம்போல் நிலாவையும் முகத்தையும் கொண்டுவந்து நிறுத்தியது.

"சித்தி, நிலாவுல குழி குழியா இருக்குமே. அப்ப அந்தக்கா மூஞ்சியெல்லாம் பருவா?"

புத்தகத்தை மூடினேன். இனி வீடே பாடம்.

"உங்கம்மா குரல் எது மாதிரி?"

"மிக்ஸி மாதிரி."

உவமை. இப்போது அந்த 'மாதிரி'யை எடுத்துவிடு என்றேன். யோசித்தாள். கீழேயிருந்து அக்கா குரல் வந்தது - துணி எடுத்தாச்சா, தண்ணி பிடிச்சாச்சா. "மிக்ஸி ஓட ஆரம்பிச்சிடுச்சு சித்தி," என்றாள் கொசு. உருவகம். நிலாவை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடமே ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தராதது.

"ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்பார் அத்தான். வருடத்துக்கு ஒரு முறை வாயைத் திறப்பவர். அது உயர்வு நவிற்சி.

தற்குறிப்பேற்றம் மட்டும் கொஞ்சம் சிக்கல். தானாக நடக்கும் ஒன்றின் மேல் நம் கற்பனையை ஏற்றிச் சொல்வது. விளக்கிக்கொண்டிருக்கும்போதே காற்றில் என் அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"சித்தி நாவலப் படிக்கச் சொல்லிடுவாங்கன்னு பயந்து கதவே சாத்திக்கிச்சு," என்றாள்.

பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

பட்டியலில் முதலில் இருந்தது இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது. அதைத் தாண்டிவிட்டேன். ஒன்றுமே போட்டுக்கொள்ளாமல் வந்து நிற்பதற்கும் அணி என்று பெயர் வைத்தவரின் தாராள மனதை மெச்சிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

"இது பரீட்சையில வராதா?"

"வந்தா பாத்துக்கலாம்."

ஜூலை 8, செவ்வாய்

என் கதை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. 'கூர்மையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். இரவல் வாங்கிய கத்தியைத் திருப்பித் தரும்போது சொல்வது.

ஜூலை 11, வெள்ளி

வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போல் இகழ்வது. இதைச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. தாய்வழி வியாதி.

சாப்பாட்டு மேசையில் செய்முறை விளக்கம் தந்தேன். சாதம் குழைந்திருந்தது. "அக்கா, உன் சாதத்துக்குத்தான் என்ன ஒற்றுமை. ஒண்ண விட்டு ஒண்ணு பிரியவே மாட்டேங்குது."

"நாளைக்கு நீ வடி," என்றாள் அக்கா.

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டார். கொசு சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஆசிரியப் பணியின் நிறைவு என்று சொல்வார்களே, அது.

அவள் எழுதிக் காட்டிய வீட்டுப்பாடம்: 'எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அன்பானவர். நாங்கள் பின்னால் ஓடி வருவதைக் கண்ணாடியில் கடைசி வரை பார்த்துக்கொண்டே போவார்.'

முழு மதிப்பெண் போட்டேன். கொஞ்சம் பொறாமையோடு.

ஜூலை 15, செவ்வாய்

அக்கா புதுக் கண்ணாடி போட்டு வந்திருந்தாள். கரும்பழுப்புச் சட்டம். முகமே திருத்தமாகத் தெரிந்தது. நல்லா இருக்கு என்றேன்.

உடனே கழற்றினாள். "ஏன், ஆந்தை மாதிரி இருக்கா?"

"இல்லக்கா. நிஜமாவே நல்லா இருக்கு."

"நிஜமாவேன்னு நீ சொன்னா இன்னும் பயமா இருக்குடி."

பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாவலில் எங்காவது பயன்படும் என்று குறித்து வைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

பள்ளியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'எனக்குப் பிடித்த ஆசிரியர்.' ஓர் அணியாவது இருக்க வேண்டுமாம். கொசு எழுதிய பொருள், கட்டுரையைக் கேட்டவரே - தமிழ் டீச்சர்.

'எங்கள் டீச்சர் கருணைக் கடல். வகுப்பில் யார் தூங்கினாலும் எழுப்ப மாட்டார். தானும் கண்களை மூடித் துணைக்கு வருவார். கேள்வி கேட்டு நாங்கள் களைத்துவிடக் கூடாது என்று பதிலை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கும் பெருந்தன்மை அவருக்கு உண்டு. மணியோசை எவ்வளவு இனிமையானது என்று அவரால்தான் நாங்கள் அறிந்தோம்.'

கடைசி வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மணியோசை! இதற்குமேல் நான் சொல்லித் தர என்ன இருக்கிறது?

'துணைக்கு வருவார்' மட்டும் என்னுடையது. அவள் 'வழிகாட்டுவார்' என்று எழுதியிருந்தாள். சுமார்.

"இதைக் குடுக்கலாமா சித்தி?"

"தாராளமா. அணி தெரிஞ்சவங்கதானே, ரசிப்பாங்க."

ஜூலை 22, செவ்வாய்

பத்துக்குப் பத்து.

அதோடு நிற்கவில்லை. வகுப்பு முன்னால் நின்று டீச்சரே சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். மற்ற எல்லாரும் விளையாட்டு சாரைப் பற்றித்தான் எழுதியிருந்தார்களாம். இவள் ஒருத்திதான் இவரைப் பற்றி. அறிவிப்புப் பலகையில் வேறு குத்திவிட்டார்.

"டீச்சருக்குப் புரியல சித்தி."

விழுந்து விழுந்து சிரித்தேன். தமிழ் டீச்சருக்கு வஞ்சப்புகழ்ச்சி புரியவில்லை! கொசுவும் சிரித்தாள். என்னைவிடச் சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

"எனக்கு சாக்லேட் குடுத்தாங்க."

"தின்னாச்சா?"

"பையில இருக்கு."

ஜூலை 24, வியாழன்

யாரோ விளக்கிவிட்டார்கள். விளையாட்டு சார், வேறு யார். பலகை முன்னால் நின்று படித்தாராம், ஆசிரியர் அறைக்குப் போய் அங்கேயும் படித்துக் காட்டினாராம், அறையே சிரித்ததாம். டீச்சர் அப்போது உள்ளேதான் இருந்திருக்கிறார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், விடுப்பு எடுத்துவிட்டார்.

தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டார். நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு ஓடினாள். தீர்ப்பு இது: பிள்ளை வீட்டில் இருக்கட்டும். டீச்சர் மனம் ஏற்கும்படி மன்னிப்புக் கடிதம் வரட்டும். இல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம். வருடத்தின் நடுவில் வேறு எந்தப் பள்ளி எடுக்கும்?

"சொல்லிக் குடுடின்னா, கொள்ளி வைக்கச் சொல்லிக் குடுத்திருக்கே."

"டீச்சருக்கே புரியலன்னா அதுக்கு நான் என்னக்கா செய்ய?"

ஏன் அப்படிச் சொன்னேன். வாய். இந்த வாய் இல்லேன்னா என்னை நாய் தூக்கிட்டுப் போயிடுமா?

மிக்ஸி நின்றுபோன வீடு. அத்தான் எழுந்து போய், சொட்டாத குழாயை இறுக்கி மூடினார்.

ஜூலை 25, வெள்ளி

கொசு எழுதினாள். 'மதிப்பிற்குரிய டீச்சருக்கு, தங்களைப் போன்ற சிறந்த ஆசிரியரின் மனதைப் புண்படுத்தியதற்கு மிகவும் வருந்துகிறேன். தங்கள் பெருந்தன்மையால் என்னை மன்னிக்க வேண்டும்.'

அத்தான் இரண்டு முறை படித்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். "இது... கிண்டலாடா கண்ணு?"

"இல்லப்பா." அழுதுவிட்டாள்.

நான் எழுதிப் பார்த்தேன். சிறந்த - கிண்டல். பெருந்தன்மை - ஏற்கனவே செலவழித்தது. கருணை, அன்பு, பொறுமை - எதை எடுத்தாலும் எச்சில் பட்டுக் கிடக்கிறது. அக்கா என் பிரதியை வாங்கிப் படித்தாள். "அவ எழுதினதே தேவலாம். இதைக் குடுத்தா போலீசுக்குப் போவாங்க."

முதுகலை. முதல் வகுப்பு.

கொசுவின் கடிதத்தையே கொடுத்தனுப்பினோம்.

ஜூலை 28, திங்கள்

திரும்பி வந்துவிட்டது. பள்ளியில் டீச்சர் இல்லாததால் தலைமையாசிரியை படித்திருக்கிறார். 'மறுபடியும் கேலி' என்று மேலே எழுதியிருந்தது.

அதில் ஒரு சொல்கூடக் கேலி இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியதை.

"இனிமே நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்களா சித்தி?"

பதில் தெரிந்த கேள்வி. கரும்பழுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று அக்கா பைக்குள் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அவள் அதை வீட்டில் போட்டு நான் பார்க்கவில்லை.

அதை நாவலுக்கு என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

என் கதையை வேறு பத்திரிகைக்கு அனுப்பப் பிரதி எடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தெரிந்தவர்தான். கொசுவோடு பல முறை போயிருக்கிறேன்.

"ஏம்மா, பாப்பா அந்த ஸ்கூல்தானே? ஒரு டீச்சரம்மா லேமினேஷனுக்குக் குடுத்துட்டுப் போனாங்க. மறுநாளே வர்றேன்னாங்க. ஆளே காணோம். பாப்பாகிட்ட குடுத்து விடறீங்களா?"

மேசைக்கடியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

கொசுவின் கையெழுத்து. பலகையில் இருந்தது நகல் போலிருக்கிறது. அசலை இங்கே கொடுத்திருக்கிறார். பத்துக்குப் பத்து, வட்டம் போட்டு. நான்கு ஓரமும் வழவழவென்று வெட்டி, மூலைகளை வளைத்து, சுவரில் மாட்ட மேலே ஒரு துளை. 'தானும் கண்களை மூடித் துணைக்கு வருவார்' - அந்த வரிக்கு மட்டும் அடிக்கோடு. பக்கத்தில் சிவப்பு மையில், 'அருமை.'

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் கடைக்காரர். "குமிழே விடல பாருங்க."

நல்லா வந்திருக்கு என்றேன். அவர் நம்பினார். என்னைத் தெரியாதவர்கள் நம்புகிறார்கள்.

கதையைப் பிரதி எடுக்க மறந்துவிட்டேன்.

கொசுவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள்.

"இதைக் கிழிக்கக்கூட முடியாது சித்தி."

ஜூலை 30, புதன்

தாண்டிவிட்ட பக்கத்தைத் திறந்தோம். இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி. நான் அரை வரியில் முடித்துவைத்த பாடம்.

விதி போட்டேன். 'போல' கூடாது. 'சிறந்த', 'மிகவும்' கூடாது. கண்ணால் பார்த்தது மட்டும்.

"டீச்சர் கிளாசுக்குள்ள வந்ததும் என்ன செய்வாங்க?"

"வந்து... பாடம் நடத்துவாங்க."

"அது தெரியும். கையில என்ன இருக்கும்?"

கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பறைக்குள் போய்விட்டாள் என்று தெரிந்தது. பிறகு எழுத ஆரம்பித்தாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் அவ்வளவு நேரம். மூன்றாவது வரியில் ஒரு சொல் எனக்கு உறுத்தியது. விரலை நீட்டினேன். அவள் கையால் தாளை மூடினாள்.

"வேண்டாம் சித்தி. நீங்க தொட்டா சிரிப்பாயிடும்."

விரலை எடுத்துக்கொண்டேன். சண்டைக்கு வரவில்லை அவள். கோபமும் இல்லை. தண்ணீர் கொதிக்கிறது, தொடாதே என்பார்களே, அப்படி. - பார், எழுதும்போதே ஓர் உவமை.

ஆகஸ்ட் 2, சனி

டீச்சர் வீட்டுக்குப் போனோம். தலைமையாசிரியை கைக்கு இன்னொரு கடிதம் போக வேண்டாம் என்று கொசுதான் சொன்னாள். முகவரியை அக்கா பள்ளி அலுவலகத்தில் கெஞ்சி வாங்கினாள். என்னையும் போகச் சொன்னாள். "பேசாம நில்லு. அது போதும்."

நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. "அப்பாவ அனுப்பி சரி பண்ணிக் குடுக்கலாமா சித்தி?" என்று படியில் கேட்டாள். "லஞ்சம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டீச்சரே கதவைத் திறந்தார். நான் நினைத்து வைத்திருந்தது கண்கள் சொருகிய, தொளதொளத்த ஓர் உருவம். இவர் ஒல்லியாக, நேராக, தலை துவட்டிய துண்டோடு நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. தாளை வாங்கி, வாசலிலேயே படித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் சாக்பீஸை இரண்டாக உடைப்பார். பலகையில் எழுத வருபவருக்குப் பெரிய துண்டைக் கொடுப்பார். பாட்டுச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். புத்தகத்தைப் பார்க்க மாட்டார். சில நாள் தூங்கியும் விடுவார். விழித்ததும் விட்ட வரியிலிருந்து சொல்வார். நான் எழுதியதை வகுப்பில் படித்தபோது அவர் கை நடுங்கியது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அவர் கொடுத்த சாக்லேட்டை நான் தின்னவில்லை.'

மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. போச்சு, டி.சி.தான்.

"தூங்கறேனா?" என்றார் டீச்சர்.

"சில நாள், டீச்சர்."

"என்னிக்கு?"

"வியாழக்கிழமை. சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற பீரியட்."

டீச்சர் யோசித்தார். மறுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல சொல்லிக் குடுக்கறது நீங்களா?"

"ஆமா."

"'துணைக்கு வருவார்.' அது அவ வயசு வரி இல்லை. அப்பவே தெரிஞ்சது. யார் எழுதினா என்ன, நான் கண்ண மூடிக்கிட்டுப் பாட்டுச் சொல்றத ஒருத்தர் கவனிச்சிருக்காங்களேன்னு இருந்துட்டேன்."

பேசாமல் நில் என்று அக்கா சொல்லியிருந்தாள். மீறினேன். "அது நான் எழுதினதுதான்."

"நல்ல வரி," என்றார்.

புகழ்ந்தாரா, இல்லையா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. படியிறங்கும்போதும் யோசித்தேன், இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா இந்தச் சந்தேகத்திலேதான் இத்தனை வருடம் குடியிருக்கிறாளா?

கொசு பையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்து நீட்டினாள். "கடையில இருந்துச்சு, டீச்சர்."

வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கதவருகே இருந்த சின்ன மேசையில் கவிழ்த்துப் போட்டார். "டீ கிளாஸ் வைக்க ஆகும். சாக்லேட் எங்கே?"

பையின் அடியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். உருகி, இறுகி, வேறு உருவமாக இருந்தது.

"இது இனி ஆகாது. குப்பையில போடு." கொசு எழுதிய தாளை நான்காக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை கிளாசுக்கு வா. ஹெச்.எம். கிட்ட நான் பேசிக்கறேன். வியாழக்கிழமை நான் தூங்கினா எழுப்பு. சிரிக்காம எழுப்பு."

கதவைச் சாத்தினார். காற்று இல்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

இரண்டு மாடி இறங்கிய பிறகு கொசு கேட்டாள். "அணியில ஒண்ணாவது இருக்கணும்னு சொல்லியிருந்தாங்களே சித்தி. அது இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

வீட்டில் அக்கா கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். திங்கட்கிழமை என்று கொசு சொன்னதும் உள்ளே போய்ச் சாதத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். குழைந்துதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொசு என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட்டேன்.

டீச்சர் எழுதி அனுப்பிய சீட்டு ஏதாவது உண்டா என்று கேட்ட அக்கா, அது இல்லாததால், கொசு தனக்கென்று எடுத்து வைத்திருந்த கடித நகலைப் படிக்கப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, கண்ணாடி உனக்கு நல்லா இருக்கு."

தாளிலிருந்து நிமிர்ந்தாள். "என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம்."

"அம்மா, அது இயல்பு நவிற்சி," என்றாள் கொசு.

"அப்படின்னா?"

அத்தான் எனக்கு இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டார்.

அக்கா நம்பவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றாமல் படித்து முடித்தாள். நான் எழுந்து எல்லார் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.